நித்திரை இல்லாத விண்கப்பலில் முதலில் அணைவது எது?

திருகோணமலை உப்புவெளியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர், தான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தார். 'கோணமாமலை' என்று ஒரு விண்கப்பல். அதில் ஏழு பேர். ஒரு தூசுமண்டலத்துக்குள் கப்பல் சிக்கிய பிறகு யாருக்கும் நித்திரை வருவதில்லை. பத்தாம் நாள், மற்ற ஆறு பேரும் குழம்பிப்போய்க் கிடக்க, தளபதி மட்டும் மன உறுதியால் தெளிவாக இருந்து, பாதையைக் கணக்கிட்டுக் கப்பலை வெளியே கொண்டுவருகிறார். பத்து நாள் நித்திரை இல்லாமல் மனிதர் இருக்க முடியுமா, மூளை எந்த வரிசையில் மங்கும், நித்திரை இருந்து கனவு மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பவை அவருடைய கேள்விகள். நான் கப்பலில் இரவுக் காவல் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்பதாக எழுதியிருந்தார்.

மகள், பத்து நாள் இருக்க முடியும். இருந்து காட்டிய ஒருவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் தளபதி செய்வதைச் செய்ய முடியாது. அவர் நின்றுகொண்டுதான் இருப்பார், கட்டளை போடுவார், தன் தலை தெளிவாக இருக்கிறது என்று சத்தியமும் செய்வார். பிரச்சினையே அந்தச் சத்தியம்தான். நித்திரை கெட்ட மூளையில் மிக முந்தி அணைவது, தான் மங்குவதைத் தானே கண்டுகொள்ளும் திறன். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் அறையில், நின்று தெரிந்துகொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சரக்குக் கப்பல்களில் செகண்ட் மேட்டாக இருந்த காலம். கப்பலை நடத்தும் அதிகாரிகளில் ஒருவரான செகண்ட் மேட்டுக்கு உரியது பன்னிரண்டு–நாலு வாட்ச், அதாவது காவல் முறை. நள்ளிரவு 12 முதல் 4 வரை ஒரு முறை, பகல் 12 முதல் 4 வரை இன்னொரு முறை. நடுச்சாமம் முழுக்க அவன் கையில். அந்தப் பயணத்தில் ஐந்து நாளில் மூன்று துறைமுகம். ஒவ்வொன்றிலும் சரக்கு வேலை, கப்பலைக் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் பின்தளத்தில் நிற்கும் வேலை. மூன்றாவது துறைமுகத்தை விட்டுக் கடலுக்கு வந்த இரவு நான் ஏறக்குறைய 30 மணிநேரம் கண் மூடியிருக்கவில்லை. மலாக்கா நீரிணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். விடியப்புறம் மூன்று மணி இருக்கும். முன்னால் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். அதில் ஒன்று எங்கள் திருகோணமலையின் சுவாமி மலை உச்சி விளக்குப் போலத் தெரிந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இன்னும் கொஞ்சத்தில் உட்துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று என் மனம் அமைதியாகத் திட்டமும் போட்டது. ஊர் அங்கிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது.

பக்கத்தில் கண்காணிப்புக்கு நின்ற மாலுமி என் பக்கம் திரும்பி, திசை மாற்ற வேண்டிய இடம் வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியும் என்று சினந்து சொன்னேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. சுற்றிலும் போதிய இடம் இருந்தபடியால் ஒன்றும் நடக்கவில்லை. வாட்ச் முடிந்து பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது. இரண்டு மணிக்குரிய பதிவை இரண்டு தடவை எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த வரி பாதியில் கீழே சரிந்து, எந்த எழுத்தும் இல்லாத ஒரு கீறலாக முடிந்திருந்தது. அந்தக் கீறல் விழுந்தபோது நான் நித்திரை. நின்றபடி, கையில் பேனையோடு நித்திரை. அன்று யார் கேட்டிருந்தாலும் ஒரு கணம்கூடக் கண் அயரவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, இனி ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். உடம்பு நித்திரைக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று கடன் கணக்கு. விழித்திருக்கும்போது மூளை செலவழிக்கும் சக்தியின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக்கூட நித்திரை அமுக்கும், நித்திரை கொண்டால்தான் இறங்கும். மற்றது மணிக்கூடு. பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு நரம்புக் கூட்டம் அதை ஓட்டுகிறது. கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. தன்பாட்டில் பகலில் ஆளைத் தூக்கி நிறுத்தும், விடியப்புறம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அடியோடு இறக்கிவிடும். சூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரண்டையும் இணைத்து விளக்கினார். நித்திரை பற்றிய ஆய்வுகள் இன்றைக்கும் அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கோணேசர் கோயிலில் சிவராத்திரி முழித்தவர்களைக் கேளுங்கள். முதல் சாமப் பூசை உற்சாகமாகப் போகும். இரண்டாம் சாமமும் பரவாயில்லை. மூன்றாம் சாமம் முடிந்து நாலாம் சாமம் தொடங்கும் நேரம், தேவாரம் படிக்கும் குரல் நடுவில் சறுக்கும், படித்த அடியையே திரும்பப் படிக்கும், மண்டபத் தூணில் சாய்ந்தவர்களின் தலை சரியும். பிறகு கடலுக்கு மேலே வெளிச்சம் வந்ததும் ஒரு தெளிவு வரும். முழு இரவும் நித்திரை இல்லையே, எப்படித் தெளிவு வந்தது? கடன் குறையவில்லை, இன்னும் ஏறித்தான் இருக்கிறது. மணிக்கூடு பகலுக்காக ஆளைத் தூக்கிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகலாம் என்ற நம்பிக்கையைத் தருவது அந்தத் தெளிவு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டோசன், ரீட் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணிநேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணிநேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்குச் சமமானது. காலை ஐந்து மணிக்கு எழும்பியவருக்குப் பதினேழாவது மணிநேரம் என்றால் இரவு பத்து மணி. நாங்கள் சாதாரணமாக விழித்திருக்கும் நேரம் அது.

கதை எழுதுகிறவர்கள் அதிகமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. களைத்த மூளை மண்ணெண்ணெய் குறைந்த விளக்குப் போல மெல்ல மெல்ல மங்கும் என்று எழுதுவார்கள். அது லூஸ் கனெக்ஷன் உள்ள பல்ப் மாதிரித்தான் நடந்துகொள்ளும். எரியும்போது முழு வெளிச்சத்தில் எரியும். இடையிடையே பட்டென்று அணையும், உடனே எரியும். இதை அளப்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் டிங்கஸ் 1980களில் உருவாக்கியது. பத்து நிமிடம் ஒரு சிறு திரையைப் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கில்லாத இடைவெளியில் எண் தோன்றும், தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் அது ஒரு தவறல். நித்திரை கெட்டவர் பல தடவை நல்ல வேகத்தில் அழுத்துவார். நடுவில் திடீரென்று ஒரு விநாடி, மூன்று விநாடி, சில வேளை அதற்கும் மேல் ஒன்றுமே இருக்காது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையமே விநாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீற்றர் போகிறது. மூன்று விநாடி ஆள் இல்லை என்றால் 23 கிலோமீற்றர் கடந்துவிடும். திருகோணமலை நகரத்தில் கண் அயர்ந்தவர் நிலாவெளியைத் தாண்டி விழிப்பார். உங்கள் கப்பல் அதைவிடப் பல மடங்கு வேகம்.

உங்கள் தளபதியின் சத்தியத்துக்கு வருகிறேன். 2003இல் வான் டொங்கன், டிங்கஸ் முதலானவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் ஆய்வு. ஆரோக்கியமான 48 பேர். சிலருக்கு இரவில் 8 மணிநேரம், சிலருக்கு 6, சிலருக்கு 4 என்று 14 நாள் நித்திரை கொள்ளவிட்டார்கள். ஒரு பிரிவை மூன்று நாள் முழுக்க முழித்திருக்க வைத்தார்கள். 6 மணிநேரமும் 4 மணிநேரமும் நித்திரை கொண்டவர்களின் தவறல்கள் நாளுக்கு நாள் ஏறின. முடிவில் ஓரிரு இரவு முழுக்க முழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். எவ்வளவு நித்திரை வருகிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள் கூடியதாகச் சொன்னார்கள், பிறகு அந்தப் பதில் பெரிதாக ஏறவே இல்லை. பழகிவிட்டது என்றே நினைத்தார்கள். பழகியது உணர்வு மட்டும். மூளை பழகவில்லை.

இதை நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், நம்ப மாட்டார்கள். ஆறு மணிநேரம் எனக்குப் போதும் என்பார்கள். பரீட்சைக்கு முதல் மாதம் நாலு மணிநேரம் நித்திரை கொண்டு படிக்கும் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். கதையை விட்டு ஒரு நிமிடம் விலகிக் கேட்கிறேன் மகள், நீங்களும் உயர்தரம் படிக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

பத்து நாள் விழித்திருக்க முடியும் என்பதற்குச் சான்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த ரண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர். பாடசாலை விஞ்ஞானப் போட்டிக்காக 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை 264 மணிநேரம், அதாவது 11 நாள் முழித்திருந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிமென்ட் அங்கே போய்ப் பார்த்திருந்தார், கடற்படை மருத்துவர் ஒருவரும் பரிசோதித்துவந்தார். நாலாம் நாளே தெருப் பலகை ஒன்றை மனிதர் என்று நினைத்தார். பதினோராம் நாள் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மறந்துவிட்டது என்றார். அதே ஆள், பத்தாம் நாள் டிமென்ட்டோடு பின்போல் என்ற, பந்தைத் தட்டி ஆடும் இயந்திர விளையாட்டை விளையாடி வென்றிருக்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்தமும் வெளிச்சமும் உள்ள, கண நேரத்தில் முடியும் விளையாட்டை அவரால் ஆட முடிந்தது. நீளமான, அலுப்பான, ஒரு படியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டிய வேலை முடியவில்லை. உங்கள் தளபதி பத்தாம் நாள் செய்வது இரண்டாவது வகை. பாதை கணக்கிடுவது என்றால் இலக்கங்களை வரிசையாக மனதில் தாங்க வேண்டும், நடுவில் நிலைமை மாறினால் பழைய திட்டத்தைக் கைவிட வேண்டும். நித்திரை இல்லாத மூளைக்கு மிகவும் கடினமானது இந்தக் கைவிடுதல். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி சோர்ந்ததும், ஆள் தெரிந்த வழியையே திரும்பத் திரும்பப் பிடிப்பார். அது பிழையாகப் போவது தெரிந்தாலும் விடமாட்டார். தீயணைக்கிற பொத்தானை அழுத்துவது மாதிரிப் பழகிய ஒற்றைச் செயலை அவரிடம் கொடுங்கள், செய்துவிடுவார். புதுவழி கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பேச்சும் மாறும். இதைக் கதையில் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். சொற்கள் குறையும், குரல் ஒரே மட்டத்தில் போகும், பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும். ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது குறைந்துவிடும். சொல்லியாயிற்று என்று நினைத்துச் சொல்லாமலே விடுவார்கள். கோபமும் அழுகையும் அடுத்தடுத்து வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். ஒரு பாடசாலையில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையைப் பொறுப்பேற்றேன். மூன்றாம் இரவு, ஒரே குடும்பத்தை இரண்டு பட்டியலில் எழுதியிருந்தேன். இன்னொரு குடும்பத்தை எதிலும் எழுதவில்லை. அவர்களுக்கு அன்று பாய் கிடைக்கவில்லை. அதை ஒரு தாய் வந்து பணிவாகச் சொன்னபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு வெளியே போய், பேனையைக் காணவில்லை என்று அழுதேன். பேனை சட்டைப் பையில் இருந்தது. நித்திரை ஓர் இரவு கெட்டாலே அச்சத்தையும் ஆத்திரத்தையும் எழுப்பும் மூளைப்பகுதி அளவுக்கு மீறிக் கொதிக்கிறது என்று 2007இல் வெளியான மூளைப் படச் சோதனை காட்டியது. அதைப் பிறகு படித்தபோது அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எனவே நாள் வரிசை இப்படி வரலாம். முதல் இரண்டு நாள் எல்லாரும் ஏறக்குறைய வழமை போல் இருப்பார்கள். எரிச்சல் கூடும், விடியப்புறம் தவறல்கள் வரும், பகலில் தேறியதாக நினைப்பார்கள். மூன்றாம் நாள் வேலையின் ஒழுங்கு குழம்பும், ஒரு படி விடுபடும், ஒரு படி இரண்டு தடவை நடக்கும். நாலாம் ஐந்தாம் நாள் கண்ணோரத்தில் நிழல், சத்தம், ஒருவர் மேல் ஒருவர் சந்தேகம். அதற்குப் பிறகு யாரும் உண்மையில் முழுக்க விழித்திருக்க மாட்டார்கள். நின்றபடி, கண் திறந்தபடி சிறு சிறு நித்திரைகள் வந்து வந்து போகும். ஏழு பேரும் ஒரே வேகத்தில் மங்கவும் மாட்டார்கள். நித்திரைக் குறைவைத் தாங்குவதில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு உண்டு. அது ஒருவரில் ஏறக்குறைய மாறாத குணமாகவே இருக்கிறது. வீரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. உங்கள் கப்பலில் மிக உறுதியான ஆள் முதலில் விழலாம், பயந்த சுபாவம் உள்ளவர் கடைசி வரை நிற்கலாம்.

கனவு மட்டும் இல்லாமல் போனால்? கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் கண்டு சொன்னார்கள். 1960இல் டிமென்ட், அந்த நிலை தொடங்கும்போதெல்லாம் ஆட்களை எழுப்பிப் பார்த்தார். கனவைப் பறித்தால் மனம் பேதலிக்கும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் பரவியது. கதைகளில் இன்னும் அது இருக்கிறது. பின்னால் வந்த சான்றுகள் அதைத் தாங்கவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பழைய மாத்திரைகளில் சில கனவுத் தூக்கத்தை ஏறக்குறைய முழுக்க அடக்கிவிடும். மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குப் புத்தி கெடவில்லை. இஸ்ரேலில் மூளைத்தண்டில் ஷெல் துண்டு ஏறிய ஒருவருக்குக் கனவுத் தூக்கம் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அவர் அதற்குப் பிறகு சட்டம் படித்து வழக்கறிஞராக வேலை பார்த்தார். உடம்புக்குள் ஷெல் துண்டோடு வாழும் மனிதர்களை அறிந்த ஊர் நம்முடையது, அதனால் இந்தச் செய்தி என் மனதில் தங்கிவிட்டது. ஆகவே மகள், குழு குழம்ப வேண்டுமானால் கனவை மட்டும் எடுக்காதீர்கள், முழு நித்திரையையும் எடுங்கள். பல நாள் முழித்தவர் கடைசியில் படுத்ததும் உடம்பு முதலில் வசூலிப்பது கனவில்லாத ஆழ்ந்த நித்திரையைத்தான்.

உங்கள் தூசுமண்டலத்தைப் பற்றியும் ஒரு சொல். அது வேண்டாம் என்றே சொல்வேன். விண்வெளியில் நித்திரை கெடுவதற்கு மர்மமான ஒன்றும் தேவையில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணிநேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கிறது. காற்றாடிகள் ஓயாமல் இரைகின்றன. காற்றோட்டம் இல்லாத மூலையில் தலை வைத்தால், விட்ட மூச்சின் காபனீரொட்சைட்டு எடையற்ற நிலையில் மேலே போகாமல் முகத்தைச் சுற்றியே தேங்கும். நேர அட்டவணையில் 8.5 மணிநேரம் நித்திரைக்கு ஒதுக்குகிறார்கள். வீரர்கள் உண்மையில் கொள்வது ஏறக்குறைய 6 மணிநேரம் என்று 2014இல் வெளியான நீண்ட ஆய்வு சொன்னது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் நித்திரை மருந்து பாவித்திருந்தார்கள். 1997 ஜூன் 25ஆம் திகதி ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் சரக்குக் கலம் மோதி ஒரு பகுதியின் சுவர் துளைபட்டது. அதை ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் குழுவின் நித்திரைக் குறைவும் ஒன்று.

எல்லாவற்றையும்விட நல்ல காரணம் கப்பலின் மணிக்கூடு. மனித உடம்பின் உள் மணிக்கூடு 24 மணிநேரத்தைவிடச் சில நிமிடங்களே நீண்டது. வெளிச்சத்தால் அதைக் கொஞ்சம் இழுக்கலாம், அதிகம் இழுக்க முடியாது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் பல பத்தாண்டுகள் 18 மணிநேரத்தை ஒரு நாளாக வைத்திருந்தார்கள். ஆறு மணிநேரம் வாட்ச், பன்னிரண்டு மணிநேரம் மற்றவை. யாருடைய உடம்பும் அதற்கு ஒத்துப்போகவில்லை. 2014 அளவில்தான் 24 மணிநேர ஒழுங்குக்கு மாறத் தொடங்கினார்கள். உங்கள் கோணமாமலையில், போய்ச் சேரும் கிரகத்தின் 18 மணிநேர நாளுக்கு இப்போதே பழகுவோம் என்று தளபதி நல்லெண்ணத்தோடு முடிவெடுக்கட்டும். யாரும் பத்து நாள் ஒரேயடியாக முழிக்க வேண்டியதில்லை. நாளுக்கு நாலு மணிநேரம் நித்திரை வாய்த்தாலே இரண்டு கிழமையில் குழு முழுக்க மங்கிவிடும், எல்லாரும் பழகிவிட்டோம் என்பார்கள். எனக்கு அது தூசுமண்டலத்தைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது.

காப்பாற்றுவது யார் என்று கேட்பீர்கள். 1968 டிசம்பரில் சந்திரனைச் சுற்றிய அப்பல்லோ 8இல், ஒருவர் மாறி ஒருவர் படுப்பது என்ற ஏற்பாடு சரிவரவில்லை. மூவரும் களைத்துப்போனார்கள். தளபதி ஃபிராங்க் போர்மன் மிச்சமிருந்த படப்பிடிப்பு வேலைகளை எல்லாம் ரத்துச் செய்து, மற்ற இருவரையும் படுக்கச் சொன்னார். பூமிக்குத் திரும்பும் இயந்திரத்தை இயக்கும் நேரத்தில் எல்லாரும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தளபதியின் துணிவு அங்கே இருந்தது. தானே முழித்துக் காட்டுவதைவிட, வேலையை விட்டுவிட்டுப் படுங்கள் என்று சொல்வதற்கு அதிக மனத்திடம் வேண்டும்.

கடலில் இதற்குச் சட்டமே உண்டு. எந்த 24 மணிநேரத்திலும் குறைந்தது 10 மணிநேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணிநேரம். பிரிட்ஜில் ஓர் எச்சரிக்கை மணி இருக்கும். 3 முதல் 12 நிமிடம் வரை குறித்து வைத்த இடைவெளிக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் அலறும். இரண்டும் நல்லவை, இரண்டையும் ஏமாற்றலாம். ஓய்வு நேரப் பதிவேட்டைக் கையால் அழகாக நிரப்பிவிடுவார்கள், நானும் நிரப்பியிருக்கிறேன். பொத்தானை அரை நித்திரையிலும் கை அழுத்தும். கோப்பி அடினோசினின் இடத்தை மறிக்கும், கடனைக் கழிக்காது. அதன் பாதி ஐந்தாறு மணிநேரத்துக்குப் பிறகும் உடம்பில் இருந்து, கிடைக்கும் நித்திரையையும் கெடுக்கும். உண்மையாகக் கைகொடுப்பது சின்ன நித்திரை. நாசா செய்த விமானி ஆய்வில், 40 நிமிடம் கொடுத்தபோது சராசரியாக 26 நிமிடம் நித்திரை கொண்டவர்கள், தரையிறங்கும் கட்டத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். எழுந்த உடனே பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. முதல் கால் மணி, அரை மணிநேரம் மூளை மந்தமாகவே இருக்கும்.

என் மச்சான் திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் தொழிலுக்குப் போனவர். அவரோடு ஒரு தடவை போனபோது ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். இரவில் சுக்கான் பிடிப்பவரிடம் படுத்திருப்பவர் யாராவது அடிக்கடி ஏதாவது கேட்பார்கள். என்ன காற்று, எத்தனை மணி, அந்த வெளிச்சம் என்ன போட் என்று சும்மா கேள்விகள். பதில் சரியா பிழையா என்று யாரும் பார்ப்பதில்லை. பதில் பிந்தினால் எழும்பி வந்து சுக்கானை வாங்கிவிடுவார்கள். கொடுப்பவர் மறுத்துப் பேசுவதும் இல்லை. கரையில் வைத்தே பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. டிங்கஸின் சோதனை அளப்பதும் அதே பிந்துதலைத்தான். நான் மலாக்கா போன கப்பலில் இவ்வளவு கருவி இருந்தும் அந்த ஒழுங்கு இருக்கவில்லை. அந்த மாலுமி சுக்கானை வாங்க முடியாது. கேட்கத்தான் முடிந்தது, அவருக்கும் திட்டுத்தான் கிடைத்தது.

அதனால் பத்தாம் நாள் காட்சியை மாற்றி எழுதிப் பாருங்கள். குழுவில் ஆக இளையவள் நாலு மணிநேரம் நித்திரை கொண்டு, எழும்பி அரை மணிநேரம் பொறுத்துப் பிரிட்ஜுக்கு வருகிறாள். புறப்படும் முன் ஏழு பேரும் கையெழுத்திட்ட ஒரு விதி அவளுக்குத் தெரியும். தளபதி கணக்கில் மூழ்கியிருக்கிறார், தெளிவாக இருப்பதாகச் சொல்கிறார், பதிவேட்டில் அவருடைய எழுத்து கீழே சரிந்திருக்கிறது. என் பதிவேட்டுக் கீறலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவள் அவரிடம் கப்பலின் பெயரைக் கேட்கிறாள். கோணமாமலை என்று சரியாகத்தான் சொல்கிறார். அதற்குள் அவள் மனதுக்குள் ஆறு வரை எண்ணியிருக்கிறாள்.